வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய ஸ்டார்ட்அப் வேலை

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆறு வருடமாக ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் வேலை, தேதி தவறாத சம்பளம், கொஞ்சம் சலிப்பு. 22 பேர் இருக்கும் ஒரு ஸ்டார்ட்அப் கூப்பிடுகிறது. கையில் வரும் சம்பளம் இப்போது வாங்குவதைவிட 15 சதவீதம் குறைவு, அதற்கு ஈடாக 10,000 ஸ்டாக் ஆப்ஷன், அதாவது கம்பெனியின் பங்கைக் குறிப்பிட்ட விலைக்குப் பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமை. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும் என்கிறார்கள். 'அந்த 10,000 ஆப்ஷன் சம்பளக் குறைவை ஈடுகட்டுமா?' என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி வரியில், 'போகாமல் விட்டு, அந்தக் கம்பெனி பெரிதாக வளர்ந்துவிட்டால் காலத்துக்கும் நொந்துகொள்வேனோ' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன். இரண்டாவதற்குக் கணக்கு கிடையாது. அனுபவத்தில் பிடிபட்ட ஒரு வழி மட்டும் இருக்கிறது.

நான் கணக்குப் பக்கத்து ஆள். பதினேழு வருடத்தில் நான்கு ஸ்டார்ட்அப்களில் நிதிப் பொறுப்பு பார்த்திருக்கிறேன். ஒன்று நல்ல விலைக்குப் போனது, ஒன்று சுமாரான விலைக்குக் கைமாறியது, ஒன்று மூடப்பட்டது, நான்காவதில் இப்போது இருக்கிறேன். ஆஃபர் லெட்டரில் அந்த ஆப்ஷன் எண்ணிக்கையை டைப் செய்தவன் நான்தான். அதை வாங்கிக்கொள்பவர் மனதில் அதற்கு என்ன மதிப்பு, என் எக்செல் ஷீட்டில் என்ன மதிப்பு, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதைப் பலமுறை பார்த்தாயிற்று. அதே சமயம், தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. அவர்கள் செய்கிற பொருள் உருப்படியானதா என்பதை எடைபோட உங்களால்தான் முடியும்.

முதலில் அந்த 10,000. அந்த எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. கம்பெனியில் மொத்தம் எத்தனை பங்கு என்று தெரிந்தால்தான் அது எதில் எத்தனை பங்கு என்று சொல்ல முடியும். மொத்தப் பங்கு 50 லட்சம் என்றால் உங்களுடையது 0.2 சதவீதம். ஐந்து கோடி என்றால் 0.02 சதவீதம். இரண்டிலும் கடிதத்தில் 10,000 என்றே இருக்கும், படிப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மொத்த எண்ணிக்கையைக் கேட்கும்போது, இதுவரை கொடுத்த பங்கு மட்டுமல்லாமல், ஒதுக்கிவைத்த ஆப்ஷன்கள், பங்காக மாறக்கூடிய கடன்கள் எல்லாம் சேர்த்த எண்ணிக்கையைக் கேளுங்கள். சிலர் சிறிய எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார்கள். எல்லாரும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை, அவர்களுக்கே வித்தியாசம் தெரியாமல் சொல்வதும் உண்டு.

பேச்சுக்கு 0.2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அது அப்படியே இருக்காது. அடுத்தடுத்து முதலீடு வரும்போது புதிய பங்குகள் வெளியிடப்படும், பழையவர்களின் விகிதம் நீர்த்துப்போகும். ஒரு சுற்று முதலீட்டுக்கு 20 சதவீதம் நீர்த்துப்போகும் என்று எடுத்துக்கொண்டால், இரண்டு சுற்றுக்குப் பின் உங்களிடம் இருப்பது 0.128 சதவீதம். இதில் திருட்டு ஒன்றும் இல்லை. கம்பெனியின் மதிப்பு அதைவிட வேகமாக ஏறினால் சிறிய துண்டும் பெரிய தொகையாக இருக்கும். ஏறாவிட்டால்தான் சிக்கல்.

அடுத்தது, செய்திகளைப் படிப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கோட்டைவிடுகிற இடம். முதலீட்டாளர்கள் வைத்திருப்பது முன்னுரிமைப் பங்கு, உங்களுக்குக் கிடைப்பது சாதாரணப் பங்கு. கம்பெனியை விற்றால் முதல் பந்தியில் உட்காருபவர்கள் அவர்கள். அவர்கள் போட்ட பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. ஒரு கணக்குப் போடுவோம். முதலீட்டாளர்கள் இதுவரை போட்டது 60 கோடி, அவர்கள் கையில் 60 சதவீதப் பங்கு. கம்பெனி 70 கோடிக்கு விலைபோகிறது. 'எழுபது கோடிக்கு விற்பனை' என்று தலைப்புச் செய்தி வரும். உங்கள் 0.128 சதவீதத்தை 70 கோடியோடு பெருக்கினால் சுமார் 9 லட்சம், சந்தோஷம்தான். ஆனால் முதலீட்டாளர்கள் பங்கு விகிதப்படி எடுத்தால் 42 கோடிதான் வரும், முன்னுரிமைப்படி எடுத்தால் 60 கோடி வரும். எதை எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மீதி 10 கோடி. அதை 40 சதவீதம் வைத்திருக்கும் மற்ற எல்லாரும் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பங்குக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் வரும். அதுவும் நான்கு வருடம் முழுக்க இருந்திருந்தால் (ஏன் என்று கீழே சொல்கிறேன்). இரண்டு வருடத்தில் கிளம்பியிருந்தால் அதில் பாதி. அதிலிருந்து ஆப்ஷனை வாங்கும் விலையைக் கழிக்க வேண்டும், அப்புறம் வரி. நான் போட்டது எளிமையான கணக்கு. போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்கு முதலில் எடுக்கும் ஒப்பந்தங்களும், முதலில் எடுத்துவிட்டு மிச்சத்திலும் பங்கு கேட்கும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன.

இது காகிதத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. குட் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு காலத்தில் 110 கோடி டாலர் மதிப்புள்ளது என்று சொல்லப்பட்டது. 2015இல் பிளாக்பெரி அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. முன்னுரிமைப் பங்குக்கு ஏறக்குறைய 3 டாலர் கிடைத்தபோது, ஊழியர்கள் வைத்திருந்த சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். முன்பு அதைவிட உயர்ந்த மதிப்பில் வரி கட்டியிருந்த ஊழியர்களும் அவர்களில் இருந்தார்கள். 2018இல் ஃபேன்டூயல் நிறுவனம் 46.5 கோடி டாலர் மதிப்பில் கைமாறியபோது முன்னுரிமைப் பங்குக்காரர்களோடு வரிசை முடிந்துவிட்டது. கம்பெனியைத் தொடங்கியவர்களுக்கே ஒன்றும் மிஞ்சவில்லை, வழக்குக்குப் போனார்கள். மறுபக்கமும் உண்டு. 2014இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 55 பேர்தான். அந்த மாதிரிக் கதை ஒன்று நடந்தால் அதை ஆயிரம் பேர் சொல்வார்கள், 44 சென்ட் கதையை, அந்த 44 சென்ட்டை வாங்கியவர் தவிர யாரும் சொல்வதில்லை.

ஆப்ஷனில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஆப்ஷன் என்பது பங்கு கிடையாது, குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. வழக்கமாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உரிமை கைக்கு வரும், முதல் வருடம் முடிவதற்கு முன் கிளம்பினால் ஒன்றும் வராது. கைக்கு வந்த பிறகும், வேலையை விட்டால் 90 நாளைக்குள் காசு கட்டி வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடும் என்ற விதியைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. இது அமெரிக்க வரிச் சட்டத்தின் மூன்று மாத வரம்பை ஒட்டி வந்த பழக்கம். இதை நீட்டித்த நிறுவனங்களும் உண்டு. பின்ட்ரெஸ்ட் 2015இல் ஏழு வருடம் வரை நீட்டியது. உங்கள் கடிதத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள். பல நாடுகளில், வாங்கும் நாளில் பங்கின் மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி உண்டு. அந்தப் பங்கை விற்க ஆள் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, வரி வந்துவிடும். விற்க முடியாத பங்குக்கு வரி கட்டக் கடன் வாங்கியவரை எனக்குத் தெரியும். வரி விதி நாட்டுக்கு நாடு மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும், ஆகவே இதில் என்னை நம்பாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உங்கள் ஊர்த் தணிக்கையாளரைப் பாருங்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆப்ஷனை பூஜ்யம் என்று வைத்து முடிவெடுங்கள். அது பூஜ்யமாகத்தான் போகும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஏட்டில் இருக்கும் சுரைக்காயை நம்பி உலையை வைக்க முடியாது, அவ்வளவுதான். அந்த 15 சதவீதக் குறைவு ஆப்ஷன் இல்லாமலேயே உங்களுக்குத் தாங்குமா, அந்த வேலை அந்தச் சம்பளத்துக்கே செய்யத் தகுந்ததா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் ஆப்ஷன் மேலே கிடைக்கும் இலவசம். இந்த இடத்தில் சம்பளத்தையும் ஒருமுறை உரித்துப் பார்த்துவிடுங்கள். 15 சதவீதம் குறைவு என்பது நிச்சயமாக வரும் தொகையை வைத்தா, வேரியபிள் எல்லாம் சேர்த்தா? 'இலக்கை எட்டினால்' என்று கடிதத்தில் இருக்கும் பகுதியை நீக்கிவிட்டுப் பார்த்தால் சில சமயம் குறைவு 25 சதவீதமாக இருக்கும். 'அடுத்த ஃபண்டிங் வந்ததும் சம்பளத்தைச் சரிசெய்துவிடுவோம்' என்று வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் அதைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவும் பூஜ்யம்.

இனி எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட்அப் சாவது பெரும்பாலும் பணம் தீர்ந்துதான். போட்டியாளர், சந்தை, சண்டை எல்லாம் காரணமாக இருக்கலாம், ஆனால் கடைசியில் ஒரு மாதம் சம்பளம் போட முடியாமல் போகும். வங்கியில் இருக்கும் பணத்தை, மாதா மாதம் வரவைவிடச் செலவு எவ்வளவு அதிகமோ அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று வரும். இதைத்தான் ரன்வே என்கிறோம். ஒரு சுற்று முதலீடு திரட்டினால் பொதுவாக ஒன்றரை இரண்டு வருடம் ஓடும்படி திட்டமிடுவார்கள். அடுத்த சுற்றுத் திரட்ட, என் அனுபவத்தில், பேச ஆரம்பித்ததிலிருந்து பணம் வங்கியில் விழும் வரை ஆறு மாதமாவது ஆகும். ஆகவே ஒன்பது மாத ரன்வே என்றால் நீங்கள் சேர்ந்த மூன்றாம் மாதமே நிறுவனர் முதலீட்டாளர் வீட்டுப் படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். நான்கு மாதம் என்றால் நீங்கள் சேருவதே ஒரு சூதாட்டம், என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பதினைந்து மாதத்துக்கு மேல் என்றால் நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம்.

மூடப்பட்டது என்று சொன்னேனே, அந்தக் கம்பெனியில் ஒரு மாதம் 26ஆம் தேதி. என் திரையில் இரண்டு பத்தி: வங்கியில் இருப்பது, கட்ட வேண்டியது. 31 பேருக்குச் சம்பளம், அலுவலக வாடகை, சர்வர் பில், போன மாதமே கட்டியிருக்க வேண்டிய வரிப் பிடித்தம். நிறுவனர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'இதில் எதைத் தள்ளிப்போடலாம்?' என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவர் மூன்று மாதமாகச் சம்பளமே எடுக்கவில்லை. சர்வர் பில்லைத் தள்ளினால் தளம் நின்றுவிடும், வாடகையைத் தள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்று காலைதான் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து, புது மடிக்கணினியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்துக்கொண்டிருந்தார். நல்ல நிறுவனத்து வேலையை விட்டு வந்தவர், அவருடைய ஆஃபர் லெட்டரைத் தயாரித்தது நான். பேச்சுவார்த்தை நடந்த மூன்று வாரத்தில் பண இருப்பைப் பற்றி அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஐந்து மாதத்தில் கதவைச் சாத்தினோம். கடைசி ஒன்றரை மாதச் சம்பளம் யாருக்கும் போகவில்லை, எனக்கும்தான். இப்படி மூடும்போது ஊழியர் பாக்கிக்கு முன்னுரிமை தரும் சட்டம் பல நாடுகளில் உண்டு. பெட்டியில் காசு இல்லாதபோது முன்னுரிமையை வைத்து என்ன செய்வது?

அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். 'இன்றைய செலவில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? கடைசியாக எப்போது முதலீடு வந்தது? மாதா மாதம் வரும் வரவு, செலவில் எவ்வளவைத் தாங்குகிறது?' இதைக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று தயங்குவீர்கள். இல்லை. 22 பேர் உள்ள இடத்தில் சேரும் இருபத்து மூன்றாவது ஆள், தன் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து வருபவர், கிட்டத்தட்ட ஒரு சின்ன முதலீட்டாளர்தான். பதிலில் வரும் எண்ணைவிட பதில் வரும் விதத்தை நான் அதிகம் கவனிப்பேன். 'பதினொரு மாதம், டிசம்பரில் அடுத்த சுற்றுப் பேச ஆரம்பிக்கிறோம், அது தள்ளிப்போனால் இந்த இரண்டு செலவை வெட்டுவோம்' என்று சொல்பவரிடம் வேலை செய்யலாம். துல்லியமான தொகையை வெளியே சொல்ல முடியாது என்று சொல்வதும் நியாயம்தான், ஆனால் மாதக் கணக்கையாவது சொல்ல வேண்டும். 'அதெல்லாம் பிரச்சினையே இல்லை, நம் முதலீட்டாளர்கள் யார் தெரியுமா' என்று பேச்சு திரும்பினால், அவருக்கே எண் தெரியவில்லை அல்லது தெரிந்து மறைக்கிறார். நேற்று வரை கலகலப்பாகப் பேசியவர் இந்தக் கேள்விக்குப் பிறகு முகம் சுளித்தால், சேர்ந்த பிறகு கெட்ட செய்தி உங்களுக்குக் கடைசியில்தான் வரும்.

அவர்கள் சொல்வதை ஓரளவு சரிபார்க்கவும் முடியும். பிரிட்டனில் பதிவான நிறுவனம் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் தாக்கல் செய்த கணக்கை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இந்தியாவில் பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் தளத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் இப்படிக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டியதில்லை. கிடைக்கிற இடத்திலும் அது பழைய கணக்கு, ஒரு வருடத்துக்கு முந்தைய நிலையாக இருக்கும். ஆனாலும் கடன் யாரிடம், நஷ்டம் எந்த வேகத்தில், இயக்குநர்கள் யாராவது சமீபத்தில் விலகினார்களா என்பது தெரியும்.

'ஸ்டார்ட்அப்பில் பத்தில் ஒன்பது தோற்றுவிடும்' என்று உங்கள் நண்பர் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை நான் நம்புவதில்லை. தோல்வி என்று எதைச் சொல்கிறோம், எந்த மாதிரி நிறுவனங்களை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது எப்படி வேண்டுமானாலும் மாறும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலும், பாதி ஐந்து வருடத்துக்குள்ளும் மூடப்படுகின்றன. ஆனால் அதில் முடிதிருத்தும் கடையும் சேர்த்தி. உங்கள் 22 பேர் கம்பெனிக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. எது ஜெயிக்கும் என்று பணம் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களே பத்து இடத்தில் போட்டுத்தான் ஒன்றில் எடுக்கிறார்கள். நீங்களும் நானும் ஒரே ஒரு இடத்தில், நம் நேரத்தை முழுசாகப் போடுகிறோம். அதனால் 'இது ஜெயிக்குமா' என்ற கேள்வியில் மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

என் வழி என்று சொன்னேனே, அது இதுதான். இந்தக் கம்பெனி இன்னும் இருபது மாதத்தில் மூடப்படுகிறது, ஆப்ஷன் காகிதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் கையில் என்ன இருக்கும்? இன்று செய்யத் தெரியாத எதைச் செய்யத் தெரிந்திருக்கும்? அடுத்த நேர்காணலில் 'நான் இதைக் கட்டினேன்' என்று எதைக் காட்டுவீர்கள்? யாருடைய தொலைபேசி எண் உங்களிடம் இருக்கும், கூப்பிட்டால் எடுப்பார்களா? சேமிப்பில் எவ்வளவு குறைந்திருக்கும்? அந்தப் பட்டியலைப் பார்த்து 'பரவாயில்லை, போனது நல்லதுதான்' என்று தோன்றினால் போங்கள். கம்பெனி ஜெயித்தால் மட்டுமே இந்த முடிவு சரி என்று ஆனால், அது உங்கள் கையில் இல்லாத ஒன்றை நம்பி எடுக்கும் முடிவு. நான் கிளம்பி வந்த இடங்களை இந்தக் கண்ணால் பார்த்தால், நல்ல விலைக்குப் போன கம்பெனியைவிட மூடின கம்பெனியில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. இது என் ஒருவன் கதை, விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கற்றுக்கொள்வது பற்றி ஒரு சொல். 'ஸ்டார்ட்அப்பில் நிறையக் கற்கலாம்' என்பதை எல்லாரும் மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள். பாதி உண்மை. புதிதாகப் படித்து வந்தவர்கள், சொல்லித்தர மூத்தவர் இல்லாத இடத்தில் தப்பும் தவறுமாகத் தாங்களே கற்றுக்கொண்டு, அதுவே சரி என்று நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வருட அனுபவம் உள்ள உங்களுக்கு அந்த ஆபத்து குறைவு. பெரிய இடத்தில் ஒழுங்கு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் சிறிய இடத்தில் நிறையவே செய்ய முடியும். ஆனால் அங்கே உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். 22 பேரில் நீங்கள்தான் மூத்தவர் என்றால், கொடுக்கப் போகிறீர்கள், வாங்கப் போவதில்லை.

யாரிடம் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பது சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். இதை நேர்காணலில் கண்டுபிடிப்பது கடினம், எல்லாரும் அன்று நல்லவர்கள். அங்கிருந்து விலகிய இரண்டு பேரையாவது லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துப் பேசுங்கள். 'கம்பெனி எப்படி?' என்று கேட்டால் மழுப்புவார்கள். 'கடைசியாக ஒரு பெரிய தப்பு நடந்தபோது நிறுவனர் என்ன செய்தார்? சம்பளம் எப்போதாவது தேதி தள்ளிப்போனதா?' என்று கேட்டால் பேச்சு வரும். 'அந்த இடத்துக்குத் திரும்பக் கூப்பிட்டால் போவீர்களா?' என்றும் கேளுங்கள், போனில் விழும் அந்த இரண்டு நொடி மௌனம் போதும். உங்களுக்குத் தரும் வேலை புதிதாக உருவானதா, யாராவது விட்டுப் போன இடமா என்பதையும் விசாரியுங்கள். ஒரே நாற்காலியில் ஒன்றரை வருடத்தில் மூன்றாவது ஆளாக உட்காருவதற்கு முன் முதல் இரண்டு பேர் ஏன் எழுந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

வீட்டுக்கடன் விஷயம். இதில் தத்துவம் தேவையில்லை. இந்த மாதச் சம்பளம் வந்ததும் அதிலிருந்து 15 சதவீதத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் குடும்பத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதத்திலேயே எங்கே இறுக்குகிறது என்று தெரிந்துவிடும். இப்போதைய நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு போய்விட்டால் புதியவர்கள் என்ன தருகிறார்கள், குடும்பத்துக்கும் சேர்த்தா என்று பாருங்கள். இது பலர் மறக்கிற ஒன்று. திடீரென்று வேலை போனால் தவணையோடு சேர்த்து ஆறு மாதம் தாங்கக்கூடிய பணம் கையில் இல்லை என்றால், கம்பெனி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. துணிச்சல் இல்லாததால் சொல்லவில்லை. காசு நெருக்கடியில் இருப்பவர் அங்கே போய்ச் சரியாக வேலை பார்க்க முடியாது, ஒவ்வொரு மாதக் கடைசியும் நிறுவனர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நொந்துகொள்வேனோ என்ற பயத்துக்கு இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்: இரண்டு பக்கமும் அது இருக்கிறது. போகாமல் விட்ட கம்பெனி வளர்ந்ததைப் பார்த்துக் கொஞ்ச நாள் வயிறு எரிந்தவன் நான். அங்கே சேரச் சொல்லிக் கூப்பிட்டபோது என் மகளுக்கு எட்டு மாதம், கையிருப்பு இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை. அன்று தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. இன்று திரும்பக் கேட்டாலும் அதே நிலைமையில் அதையே சொல்வேன், வயிறும் எரியும்.

வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 22 பேர் கம்பெனிக்கு ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை, பல வாரம் தேடி உங்களைப் பிடித்திருக்கிறார்கள். நாளையே சிறிதாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆர்வமாக இருக்கிறேன், முடிவெடுக்க நான்கு விவரம் தேவை என்று எழுதி, எல்லாம் சேர்த்த மொத்தப் பங்கு எண்ணிக்கை, ஆப்ஷனை வாங்கும் விலையும் விலகிய பின் தரும் கால அவகாசமும், முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை மொத்தம் எவ்வளவு, பணம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது, இந்த நான்கையும் கேளுங்கள். பதில் கிடைத்த நாளிலிருந்து ஐந்து நாளில் முடிவு சொல்கிறேன் என்று முடியுங்கள். பதில் வந்தால் அந்த எண்களை இங்கேயே போடுங்கள், கம்பெனி பெயர் வேண்டாம், நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். 'இவ்வளவு கேள்வி கேட்பவர்கள் எங்களுக்குச் சரிப்பட மாட்டார்கள்' என்று பதில் வந்தால் அதையும் போடுங்கள். அதுவரை இப்போதைய வேலையில் ராஜினாமா என்ற வார்த்தையை எடுக்க வேண்டாம், பக்கத்து இருக்கை நண்பரிடம்கூட.